மாவுச்சத்து ஒழிப்பு உபகுழு

மனித குலம் இதுவரை மூன்று மகத்தான கண்டுபிடிப்புகளைச் செய்திருக்கிறது. முதலாவது நெருப்பு. இரண்டாவது சக்கரம். மூன்றாவது, சோறு விஷம் என்பது. முதல் இரண்டையும் கண்டுபிடித்தவர்கள் யாரென்று சரித்திரத்துக்குத் தெரியாது. மூன்றாவதைக் கண்டுபிடித்தது எங்கள் ஜிம். அந்த அறையில் அப்போது நானும் இருந்தேன். நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன் என்பதையும் அடக்கத்துடன் பதிவு செய்கிறேன்.

ஜிம் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ஏறிப் போக முப்பத்தாறு இரும்புப் படிகள் உண்டு. ஆனால் படி ஏறினால் தொடைத் தசை 'கரைந்துவிடும்' என்று மாஸ்டர் சொல்லியிருந்ததால், மூத்த உறுப்பினர்கள் டயர் ஏற்றும் லிஃப்டில் டயர்களோடு டயர்களாக நின்று மேலே வருவார்கள். உள்ளே மூன்று சுவர்களில் கண்ணாடி. நான்காவது சுவரில் டப்பாக்கள். ஓர் உறுப்பினர் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்று தன்னைப் பார்ப்பார். இல்லாவிட்டால் தன்னிடம் இல்லாததைப் பார்ப்பார்.

அந்த டப்பாவின் பெயர் 'மாவலி'. உள்ளே வெள்ளைப் பவுடர். தண்ணீரில் கலந்து குலுக்கிக் குடித்தால் தசை வளரும். பெயர் வைத்தது மாஸ்டர்தான். மா என்றால் பெரிய. வலி என்றால் வலிமை. மா என்றால் மாவு என்றும், வலி என்றால் நோவு என்றும் இன்னொரு பொருள் தமிழில் இருப்பது அவருக்குத் தெரியாது. டப்பாவின் மேல் முதல் பொருளும், குடித்த பின் வயிற்றில் இரண்டாவது பொருளும் விளங்கும். ஒரே சொல்லில் இரண்டு பயன் என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

மாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்குக் கழுத்து கிடையாது. அந்த இடத்தையும் தோளுக்கே கொடுத்துவிட்டார். யாராவது பக்கத்திலிருந்து கூப்பிட்டால் முழு உடம்போடுதான் திரும்புவார். அப்படித் திரும்புவதற்குச் சற்று நேரம் பிடிக்கும் என்பதால், அவர் எதைச் சொன்னாலும் ஆழ்ந்து யோசித்துச் சொல்வதுபோல் இருக்கும்.

நான் தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் எழுத்தர். டம்பெல்லைத் தொட்டது வாழ்க்கையில் ஒரே ஒரு முறை. அதுவும் நாற்காலி போட இடம் வேண்டும் என்று நகர்த்துவதற்காக. என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், ஜிம்மில் சேரப்போகும்போது விண்ணப்பம் பூர்த்தி செய்யத் துணைக்குப் போனவன்தான் நான். அன்று ஒரு வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

"சோத்துல என்ன இருக்கு?" என்று மாஸ்டர் கேட்டார்.

"மாவுச்சத்து, மாஸ்டர்!" என்று இருபது பேர் சொன்னார்கள்.

"அது உள்ள போனா?"

"கொழுப்பு, மாஸ்டர்!"

"டப்பாவுல என்ன இருக்கு?"

"மாவுச்சத்து, மாஸ்டர்!"

"அது உள்ள போனா?"

"தசை, மாஸ்டர்!"

"ஏன்?"

இருபது பேரும் தரையைப் பார்த்தார்கள். மாஸ்டரும் பார்த்தார். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் அதுவரை யாரிடமும் பதில் இல்லை என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. விண்ணப்பத்திலிருந்து தலையைத் தூக்கி நான் சொன்னேன்:

"சோறு சாதாத் தபால் மாதிரி, மாஸ்டர். விலாசம் சரியா இருக்காது. வயித்துலயே தங்கிடும். பவுடர் பதிவுத் தபால். எந்தத் தசைக்குப் போகணும்னு அதுல எழுதியிருக்கும். நேரா போய்ச் சேர்ந்துடும்."

மாஸ்டர் முழு உடம்போடு என் பக்கம் திரும்பினார். அவர் திரும்பி முடிப்பதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"உக்காருங்க," என்றார். "இனிமே நீங்க உக்காந்தேதான் இருக்கணும்."

அப்படி உருவானதுதான் மாவுச்சத்து ஒழிப்பு உபகுழு. தலைவர் மாஸ்டர். செயலாளர் நான். அறிவியல் உறுப்பினராக, பக்கத்துத் தெருப் பல் டாக்டரைச் சேர்த்துக்கொண்டோம். "பல்லும் உடம்புலதானே இருக்கு?" என்று மாஸ்டர் கேட்டார். மறுக்க முடியவில்லை. பல் டாக்டர் கூட்டங்களுக்குத் தவறாமல் வருவார், எல்லாத் தீர்மானத்துக்கும் கை தூக்குவார். மாவலியை மட்டும் குடிக்க மாட்டார். ஒருமுறை ஏன் என்று கேட்டேன். "இனிப்பு இல்லியா? பல்லுக்கு ஆகாது," என்றார். பல்லுக்குக் கீழே இருக்கும் பகுதிகள் பற்றிக் கருத்துச் சொல்வது தொழில் தர்மம் ஆகாது என்றும் சொன்னார். அறிவியலாளர்களின் இந்தத் தன்னடக்கம் என்னை எப்போதும் நெகிழ வைக்கும்.

உபகுழுவின் முதல் வெளியீடு, 'சோறு: ஒரு குற்றப்பத்திரிகை' என்ற எட்டுப் பக்கத் துண்டுப்பிரசுரம். எழுதியவன் நான். சோறு, ரொட்டி, கிழங்கு, பழம் ஆகிய நால்வரும் முறையே முதல், இரண்டாம், மூன்றாம், நான்காம் குற்றவாளிகள். வாழைப்பழம் தலைமறைவுக் குற்றவாளி. மேலே தோல் போர்த்திக்கொண்டு நல்லவன்போல் நடமாடுவதால். எழுதி முடித்துவிட்டுப் பசித்ததால் வீட்டுக்குப் போய் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். எழுத்தாளன் வேறு, எழுத்து வேறு.

அதை அத்தான் படித்தார்.

அத்தான் நகரப் பேருந்து ஓட்டுநர். இருபது வருஷமாக ஒரே தடத்தில் ஓட்டியவர். ஒரு கீறல், ஒரு புகார் கிடையாது. ஸ்டாப்பை விட்டுக் கொஞ்சம் தள்ளி யாராவது ஓடிவந்தாலும் நிறுத்தி ஏற்றிக்கொள்வார். நான் வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்தபோது, "தனியா ரூம் எடுத்து என்ன பண்ணப் போற? இங்கேயே இருடா," என்று தன் வீட்டில் வைத்துக்கொண்டவர். ஆண்டு இறுதியில் நடக்கும் மண்டல ஆணழகன் போட்டியில், நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் ஒருமுறை ஏறி நிற்க வேண்டும் என்பது அவர் ஆசை.

"எதுக்குங்க இது உங்களுக்கு?" என்று அக்கா கேட்டாள்.

அத்தான் கூச்சத்தோடு சொன்னார்: "இருபது வருஷமா ஜனங்க என் பின்மண்டையத்தான் பாக்குறாங்க. ஒரே ஒரு தடவ முன்னாடி நின்னு, அவங்க என்னைப் பாக்கட்டுமேன்னு..."

அக்கா எட்டி அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

பிரசுரத்தைப் படித்த அன்று மதியம் அத்தான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, தட்டை என் பக்கம் தள்ளினார்.

"இத நீயே சாப்பிடுடா."

"ஏன் அத்தான்?"

"நீ எழுதினதப் படிச்சேன். பயமா இருக்கு. இத்தன வருஷமா தெரியாம தின்னுட்டேனே." பிறகு தாழ்ந்த குரலில், "நீ சாப்பிடலாமா? உனக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று கேட்டார்.

"ஆராய்ச்சியாளர்களுக்கு விதிவிலக்கு உண்டு," என்றேன். அது உண்மையில் பிரசுரத்தின் ஏழாம் பக்கத்தில் இருந்தது. நான்தான் சேர்த்திருந்தேன்.

அன்று முதல் அத்தானின் பங்குச் சோற்றைத் தினமும் நான் அகற்றி வந்தேன். மாவுச்சத்து ஒழிப்பில் என் நேரடிப் பங்களிப்பு என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லலாம்.

அத்தான் சொன்னதைச் சொன்னபடி செய்யும் மனிதர். காலையில் அவித்த முட்டை, பிறகு மாவலி. மதியம் அவித்த கோழி, பிறகு மாவலி. பேருந்து கடைசி நிறுத்தத்தில் திரும்பும்போதெல்லாம் மாவலி. ஒரு வேளைக்கு எத்தனை கரண்டி என்ற கணக்கை மாஸ்டர் வாரந்தோறும் உயர்த்திக்கொண்டே போனார். ஒன்றரை மாதத்தில் அத்தானின் உடம்பில் வளர்ச்சி தெரிந்தது. முழுக்க வயிற்றில் தெரிந்தது. சட்டையின் நடுப் பொத்தான் போட முடியவில்லை. அத்தான் கவலையோடு உபகுழுக் கூட்டத்தில் மாஸ்டரிடம் காட்டினார். மாஸ்டர் இரண்டு விரலால் தட்டிப் பார்த்தார்.

"இது தொப்ப இல்ல. உள் தசை. வெளிய வரப் போராடுது."

"ஆனா மாஸ்டர், கடமுடன்னு சத்தம் வருதே?"

"போராட்டம்னா சத்தம் இருக்காதா?"

பல் டாக்டர் கை தூக்கினார். 'உள் தசைப் போராட்டம்' என்ற தலைப்பில் நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்தேன்.

இந்தக் கட்டத்தில்தான் குடும்பத்திலிருந்து ஒரு சதி கிளம்பியது. அக்கா, கடித உறைகளுக்குப் பசை காய்ச்சும் தொழிற்சாலையில் கலவைப் பகுதி மேற்பார்வையாளர். கிழங்கு மாவையும் சோள மாவையும் பக்குவம் பண்ணிப் பவுடராக்கி, அதிலிருந்து பசை எடுப்பார்கள். பதினொரு வருஷ அனுபவம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டப்பாவைத் திறந்து, ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தாள். முகர்ந்தாள். நாக்கில் வைத்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"இது என்னன்னு தெரியுமாடா உனக்கு?"

"மாவலி."

"கிழங்கு மாவு. இன்னும் கொஞ்சம் நைசா உடைச்சிருக்காங்க, இனிப்பு போட்டிருக்காங்க. அவ்வளவுதான். எங்க கொதிகலன்ல கொட்டுற சாமானோட அக்கா தங்கச்சி இது."

"அக்கா, இது வெளிநாட்டுத் தொழில்நுட்பம்..."

"டப்பாவுக்கு அடியில பாரு."

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். டப்பாவின் அடிப்பக்கத்தில், எறும்பு படிக்கும் அளவு எழுத்தில், 'மூலப்பொருள்: உருளைக்கிழங்கு மாவுச்சத்து, சர்க்கரை, வாசனை' என்று இருந்தது.

"சோறும் மாவுச்சத்துதான். கிழங்கும் மாவுச்சத்துதான். டப்பாவும் மாவுச்சத்துதான்," என்றாள் அக்கா. "ஓடியாடி வேலை செய்றவன் அளவாக் குடிச்சா ஒரு பாதகமும் இல்ல. எட்டு மணி நேரம் உக்காந்து பஸ் ஓட்டுற மனுஷன் குடம் குடமா குடிச்சா வயிறு வீங்காம வேற என்னடா வீங்கும்? ஒரு தட்டுச் சோத்தப் பிடுங்கிட்டு மூணு தட்டுச் சோத்தக் கரைச்சு ஊத்திருக்கீங்க."

நியாயமாக யோசித்தால் அவள் சொன்னதில் தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. அதனால் நியாயமாக யோசிப்பதை நிறுத்திவிட்டு, விஷயத்தை உபகுழுவுக்கு அனுப்பினேன்.

அவசரக் கூட்டம் இரண்டு மணி நேரம் நடந்தது. விவாதப் பொருள்: டப்பாவுக்குள் இருக்கும் உருளைக்கிழங்கு, உருளைக்கிழங்கா இல்லையா?

"உருளை எங்க இருக்கு? காட்டச் சொல்லுங்க," என்றார் மாஸ்டர். "உருளையும் இல்ல, கிழங்கும் இல்ல. பவுடர்தான் இருக்கு."

"ஆனா அதுலேர்ந்துதான எடுத்திருக்கு?" என்று பல் டாக்டர் கேட்டார். கேட்ட பிறகு தானே பயந்துபோய்க் கையையும் தூக்கிவிட்டார்.

ஒரு வழியாக நான் ஒரு வாசகத்தை முன்வைத்தேன். அது ஏகமனதாக நிறைவேறியது. 'தன் உருவத்தையும் தோலையும் துறந்துவிட்ட உருளைக்கிழங்கு, துறவு நிலையை அடைந்துவிட்டபடியால், அதை இனி உருளைக்கிழங்கு என்று அழைப்பது அதன் பூர்வாசிரமத்தைக் குத்திக்காட்டுவதாகும்.'

இதை வீட்டில் படித்துக் காட்டினேன். அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள். அத்தானுக்குக் கண் கலங்கியது. "எவ்வளவு யோசிச்சிருக்கீங்கடா," என்றார்.

போட்டிக்கு ஒரு வாரம் இருந்தது. தொப்பை போகவில்லை, அதாவது, உள் தசை இன்னும் வெளியே வரவில்லை. மாஸ்டர் கடைசி ஆயுதத்தை எடுத்தார். அதன் பெயர் 'வறட்சி நிவாரணம்'. உடம்பை வறட்சிக்கு உள்ளாக்கினால் தசைக்கு நிவாரணம் கிடைக்கும் என்று பொருள். நான்கு நாள் மாவலியும் கூடாது. தண்ணீர் ஒரு நாளைக்கு ஒரு டம்ளர். முட்டையில் வெள்ளை மட்டும்.

"வேல இருக்கு மாஸ்டர். லீவு கிடைக்கல. வண்டி ஓட்டணும்," என்றார் அத்தான்.

"வண்டிதான ஓடுது? நீங்க உக்காந்துதான இருக்கீங்க?"

அத்தான் என்னைப் பார்த்தார். "செய்யலாமாடா? நீ சொல்லு."

நான் கோப்பைப் புரட்டினேன். எங்கள் பிரசுரத்தில் இதற்கு எதிராக எதுவும் இல்லை. இருக்க வாய்ப்பும் இல்லை, எழுதியவன் நானே. "செய்யலாம் அத்தான்," என்றேன்.

முதல் நாள் தலைவலி என்றார். இரண்டாம் நாள் சாப்பாட்டு மேசையில் உப்புப் பாட்டிலை எடுக்கப் போய் வெற்றிடத்தைப் பிடித்தார். அக்கா தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து அவர் முன் வைத்தாள். "ரெண்டு வாய். எனக்காக." அவர் சிரித்துக்கொண்டே, "இன்னும் மூணு நாள்தானம்மா. ஞாயித்துக்கெழம நீயும் வா. முன் வரிசையில உக்காரு," என்றார். மூன்றாம் நாள் அக்கா வேலைக்குப் போக வேண்டாம் என்று அவர் சைக்கிள் சாவியை ஒளித்துவைத்தாள். அவர் அதைத் தேடி எடுத்துக்கொண்டு போனார். இருபது வருஷத்தில் ஒரு நாள்கூடத் தாமதமாகப் போகாதவர்.

காலை பதினோரு மணி. பேருந்தில் நாற்பத்திரண்டு பேர். மேம்பாலத்திலிருந்து இறங்கி மருத்துவமனை நிறுத்தத்துக்குத் திரும்பும் வளைவு. அங்கே நடந்ததை அந்தப் பேருந்தின் கண்டக்டரம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஐம்பது வயதுப் பெண்மணி. அத்தானோடு ஆறு வருஷமாக அதே தடத்தில் வேலை செய்தவர்.

"கண்ணாடியில அவர் முகத்தப் பாத்தேன். வெள்ளையா இருந்துச்சு. வேர்க்கவே இல்ல. 'அண்ணே'ன்னு கூப்பிட்டேன். திரும்பல. வண்டி நடைபாதை மேல ஏறப்போவுது. 'அண்ணே'ன்னு கத்தினேன். எங்கிருந்து பலம் வந்துச்சோ, பிரேக்க மிதிச்சுட்டுத் தலைய ஸ்டியரிங்ல போட்டுட்டார். ஹாரன் அடிச்சுக்கிட்டே இருக்கு. நான் முன்னாடி போய் விழுந்தேன்."

விழுந்ததில் கண்டக்டரம்மாவின் இடது மணிக்கட்டு முறிந்தது. நிறுத்தத்தில் நின்றிருந்தவர்களுக்கும் பேருந்தின் மூக்குக்கும் இடையே ஒரு கை நீளம் இருந்தது. அங்கே ஒரு கர்ப்பிணிப் பெண் ஸ்கேன் எடுத்துவிட்டுக் காகித உறையோடு நின்றுகொண்டிருந்தாளாம்.

முறிந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்டக்டரம்மா எழுந்து போய் அத்தானின் தலையைத் தூக்கினார். தன் பையிலிருந்து ஒரு பன்னை எடுத்து, பல்லால் பிய்த்து, அவர் வாயில் திணித்தார். அத்தான் கண் திறக்காமலேயே தலையை ஆட்டினார்.

"வேணாம்... ரெண்டாம் குற்றவாளி..."

"யாரு குற்றவாளி?"

"ரொட்டி..."

"சாவப் போற நேரத்துல என்னய்யா உளர்ற? முழுங்கு!"

யாரோ ஒருவர் சர்க்கரை போட்ட டீ கொடுத்தார். பாதி பன், அரை டம்ளர் டீ. ஐந்து நிமிஷத்தில் அத்தான் கண் திறந்தார். முதலில் கேட்டது, "வண்டியில யாருக்காச்சும் அடியா?" என்று. கண்டக்டரம்மா கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "யாருக்கும் இல்லண்ணே," என்றாராம்.

மறுநாளே உபகுழு கூடியது. ஒரு விபத்து நடந்து இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் விசாரணை முடித்த அமைப்பு உலகில் வேறு எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

"அவர் என்ன சாப்பிட்டார்?" என்று மாஸ்டர் கேட்டார்.

"பன், மாஸ்டர்."

"எப்போ?"

"நேத்து. விபத்து அன்னிக்கு."

மாஸ்டர் முழு உடம்போடு பல் டாக்டர் பக்கம் திரும்பினார். பல் டாக்டர் கை தூக்கினார். விபத்துக்குக் காரணம் பன் என்று தீர்மானம் நிறைவேறியது.

அதற்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை, போட்டி நடந்தது. அத்தான் போகவில்லை, மருத்துவர் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்றிருந்தார். அவர் பிரிவில் பரிசு வாங்கியவர் வேறு எங்கிருந்தோ வந்த ஒரு கொத்தனார். ஒலிபெருக்கியில் அவரிடம், "என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டார்கள். "எல்லாந்தாங்க. சோறு, கிழங்கு, கிடைக்கிறது. செங்கல் தூக்கணும்ல," என்றார் அவர். ஒலிபெருக்கியை உடனே அணைத்து ஒரு பெரும் பொதுக் குழப்பத்தைத் தவிர்த்தவர் மாஸ்டர்.

போக்குவரத்து டிப்போவில் விசாரணை வைத்தார்கள். அத்தானின் பையில் என் பிரசுரம் இருந்ததால், ஜிம்முக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பதிலை நான்தான் எழுதினேன். 'மேற்படி உறுப்பினர், உபகுழுவின் விதிமுறைகளை மீறிச் சம்பவ தினத்தன்று பன் ஒன்றை உட்கொண்டிருப்பது தெரியவருகிறது. இதன் விளைவுகளுக்கு உபகுழு பொறுப்பேற்க இயலாது.' இதை எழுதும்போது இரண்டு முறை பிழை வந்து தாளை மாற்றினேன். அன்று மதியம் சாப்பிடாததால் இருக்கும்.

விசாரணை அறையில் ஒரு நீள மேசை, ஒரு மின்விசிறி, சுவரில் தடங்களின் வரைபடம். அத்தான் சீருடையில் நின்றுகொண்டிருந்தார். சட்டையின் நடுப் பொத்தானும் இப்போது போட முடிந்திருந்தது. விசாரணை அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என் கடிதத்தைப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

"பன் சாப்பிட்டது விபத்துக்கு அப்புறம்தானே?"

"காலவரிசை பற்றி உபகுழு கருத்துத் தெரிவிக்க விரும்பலீங்க," என்றேன்.

அவர் என் கடிதத்தை மேசையில் கவிழ்த்து வைத்தார். பிறகு பிரசுரத்தைத் தூக்கிக் காட்டி, அத்தானிடம் கேட்டார்.

"இத எழுதினது இவர்தானே? உங்க மச்சினன்தானே இவர்? இவர் சொல்லித்தான் நீங்க பட்டினி கிடந்தீங்களா? உண்மையச் சொல்லுங்க. தப்பான ஆலோசனைன்னா அது உங்களுக்குச் சாதகமாத்தான் எடுத்துக்குவோம். ஆனா இவர் மேல நாங்க புகார் அனுப்பணும்."

அத்தான் என் பக்கம் திரும்பவில்லை.

"யாரும் சொல்லலீங்க சார். நானாப் படிச்சேன். நானாச் செஞ்சேன்."

"யோசிச்சுச் சொல்லுங்க. இருபது வருஷ சர்வீஸ்."

"யோசிச்சுத்தான் சார் சொல்றேன். அவன் தபால் ஆபீஸ்ல இருக்கான். இப்பத்தான் வேலை நிரந்தரமாச்சு."

என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆகவே நானும் எதுவும் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது செயலாளர் பதவிக்கு அழகல்ல.

தீர்ப்பு வந்தது. அத்தான் இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. டிப்போவில் வண்டி கழுவும் பிரிவுக்கு மாற்றம். இப்போது தினமும் காலை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, குழாயைப் பிடித்து, பேருந்துகளைக் கழுவுகிறார். அவர் பழைய வண்டி வந்தால் அதன் முன் கண்ணாடியை மட்டும் இரண்டு முறை துடைப்பாராம். கட்டுப் போட்ட கையோடு கண்டக்டரம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

உபகுழுவோ வளர்ந்துகொண்டே போனது. பன் தீர்மானம் வெளியான பிறகு மாவலி அமோகமாக விற்றது. இரண்டாவது பிரசுரமும் கேட்டிருக்கிறார்கள். என் சேவையைப் பாராட்டி, ஒரு சிறப்புக் கூட்டத்தில், மாஸ்டர் எனக்கு 'ஊட்டச்சத்து ஆலோசகர்' என்ற பட்டம் வழங்கினார். தங்க எழுத்து, கண்ணாடிச் சட்டம், கீழே மாஸ்டரின் கையொப்பமும் பல் டாக்டரின் முத்திரையும். அறிவியலுக்கு உழைத்தவனை அறிவியல் கைவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சட்டத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். எங்கே மாட்டுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அத்தான் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். விரல்கள் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன. மேசையில் அவருக்குச் சோறு வைக்கப்பட்டிருந்தது, சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா அடுப்பங்கரையில் இருந்தாள். டிப்போ விசாரணைக்குப் பிறகு அவள் என்னோடு பேசுவதில்லை. ஆனாலும் எனக்கும் ஒரு தட்டு வைத்திருந்தாள்.

"என்னடா அது? காட்டு," என்றார் அத்தான்.

காட்டினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். அவர் முகம் மலர்ந்தது. அதில் கேலி இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

"நல்லா இருக்குடா. ஊட்டச்சத்து ஆலோசகர். இனிமே நீ சொன்னா எல்லாரும் நம்புவாங்க."

"ஆமா, அத்தான்."

அவர் இன்னொரு வாய் சாப்பிட்டார். பிறகு ஏதோ நினைவு வந்ததுபோல், உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆர்வத்தோடு நிமிர்ந்து கேட்டார்:

"இப்பத்தான் ஆலோசகர்னா, எனக்குச் சொன்னப்போ நீ என்னவாடா இருந்த?"

நான் வாயைத் திறந்தேன். செயலாளர் என்று சொல்லலாம் என்றுதான் நினைத்தேன்.

அதற்குள் அடுப்பங்கரையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"மச்சினனா இருந்தான். அதனாலதான் நீங்க நம்புனீங்க."